கர்ணம்: கொத்தனார் பெயர் சொல்லாமல் அளக்கும் பக்கம்

வீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன் கொத்தனார் முளையடித்து நூல் கட்டுவார். முதல் நூலில் சிக்கல் இல்லை. அதற்குக் குறுக்கே இரண்டாவது நூலை இழுக்கும்போதுதான் கேள்வி வரும்: மூலை சரியாக 90 டிகிரிதானா? மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சின்னக் கருவியில் மயிரிழை பிசகினாலும் 30 அடி தள்ளி நூல் அங்குலக் கணக்கில் விலகி நிற்கும். அதனால் டேப்பை எடுக்கிறார். மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறிக்கிறார். இரண்டு குறிகளுக்கும் நடுவே 5 அடி இருந்தால் மூலை சரி. கூடினால் விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது.

அந்த 5 அடிக்குத்தான் பள்ளிக்கூடத்தில் கர்ணம் என்று பெயர்.

சொல் வடமொழி. கர்ண என்றால் காது. கர்ணபரம்பரைக் கதை என்பதில் இருப்பதும் இதுவே. கணிதத்தில் மூலைக்கு மூலை போகும் கோட்டுக்கும் செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கத்துக்கும் இதை வைத்தார்கள். இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் வரும் என்ற விதியை ஆரியபடர் சொல்லும்போது மூன்று பக்கங்களையும் புஜம், கோடி, கர்ணம் என்கிறார். புஜம் தோள், கோடி முனை. (ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் வேறு. அது கரணம் என்ற சொல்லிலிருந்து வந்தது, முக்கோணத்தோடு உறவில்லை.)

தமிழில் என்ன சொல்லலாம்? இலங்கைப் பாடநூல்களில் செம்பக்கம் என்கிறார்கள். செங்கோணம், செங்குத்து, செங்கோல் எல்லாவற்றிலும் இருக்கும் செம்மைதான் இதிலும். சாய்ந்து கிடக்கிற பக்கத்துக்குப் போய்ச் செம்மையா என்று தோன்றலாம். ஆனால் மூலை செம்மையாக இருக்கிறதா என்று காட்டிக்கொடுப்பதே அந்தப் பக்கம்தான். எனக்கு இந்தப் பெயர் பிடித்திருக்கிறது.

முழு அறைக்கு வந்தால் மூலைவிட்டம் என்ற சொல் தயாராக இருக்கிறது. விட்டம் என்பது வீட்டில் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் மரம். வட்டத்தின் குறுக்களவுக்கும் அதே பெயர். மூலைக்கு மூலை குறுக்கே போனால் மூலைவிட்டம். கட்டட வேலையோடு இதைவிட ஒட்டிய சொல் கிடைக்காது. நான்கு முளையும் அடித்த பிறகு இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவா என்று பார்ப்பார்கள். எதிரெதிர்ச் சுவர்களும் சம அளவில் இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் குறுகிய அறைக்குக்கூட மூலைவிட்டங்கள் சமமாக வந்து ஏமாற்றும்.

3, 4, 5 என்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இடம் இருந்தால் 6, 8, 10 அல்லது 9, 12, 15. முக்கோணம் பெரிதாகப் பெரிதாகப் பிழை சுருங்கும். டேப் தொய்யாமல் இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், பழங்காலப் புலவர் என்று சொல்லப்படும் போதையனார் பெயரில் வாட்ஸாப்பில் சுற்றும் செய்யுள். நீளமான பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, மற்றப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் என்கிறது. 3, 4 என்றால் 3.5 + 1.5 = 5. அச்சாக வருகிறது. 5, 12 என்றாலும் 13 வந்துவிடும். 10 அடிக்கு 10 அடி அறைக்குப் போட்டால் 13.75 அடி என்று சொல்லும், உண்மையில் 14.14 அடி. கிட்டத்தட்ட 5 அங்குலம் குறைவு. மனக்கணக்குக்கு அழகான வழி, மூலை பார்க்க ஆகாது. இதை நம்பி நூல் கட்டினால், கடைசியில் டைல்ஸ் ஒட்டுகிறவர் சுவரோரமாக ஒவ்வொரு கல்லையும் ஆப்பு மாதிரி வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.