“வெறும் புதர்தானே” என்கிறவர்களுக்கு

சென்னையின் தெற்குப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழவிருந்த ஒரு மனைக்குத் தாவரக் கணக்கெடுப்புக்காகச் சென்ற மாதம் போனபோது, எனக்கு இரண்டு நாள் முன்பாகவே பொக்லைன் வந்து போயிருந்தது. “பெரிய மரம் எதையும் தொடவில்லை, வெறும் புதர்தானே, சுத்தம் செய்துவிட்டு இருநூறு கன்று நடப்போகிறோம்” என்று மேற்பார்வையாளர் பெருமையோடு சொன்னார். இதே பேச்சை மனைக்கு மனை கேட்டுச் சலித்துவிட்டது.

நீங்கள் புதர் என்பது, சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம். வெட்டும் மேய்ச்சலும் பட்டுப்பட்டு அது குட்டையாகவும் முள்ளாகவும் நிற்கிறதே தவிர, குருந்து, காரை, வீரை, சூரை, சீந்தில், பிரண்டை என்று கொஞ்ச இடத்தில் பலவகைச் செடிகொடிகளை அது வைத்திருக்கும். ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கப் போவதும் பெரும்பாலும் இந்தப் புதர்க்காட்டைத்தான்.

பச்சையாக இருந்தால் போதும் என்ற எண்ணம்தான் என்னை மிகவும் எரிச்சலூட்டுகிறது. செயற்கைக்கோள் படத்தில் புல்தரையும் பச்சை, கோனோகார்ப்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தின் வேலியும் பச்சை, குருந்துப் புதரும் பச்சை; பசுமைப் பரப்பு குறையவில்லை என்று அறிக்கை எழுதுவதும் அதனால் எளிதாகிறது. இன்னும் சொல்லப்போனால், நாற்றுப்பண்ணையிலிருந்து வரும் அலங்காரச் செடிகளால் ஒரு வளாகத்தின் தாவர வகைகள் எண்ணிக்கையில் கூடவும் செய்யலாம். ஆனால் அதே செடிகளைப் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் பார்க்கலாம். நம் மண்ணின் ஆடுதீண்டாப்பாளைக் கொடியின் இலையைத் தின்றே வளரும் அழகி வகை வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அவற்றில் ஒன்றும் உணவாகாது. சோமாலியக் கரையோரத்திலிருந்து வந்த கோனோகார்ப்பஸை நடுவதற்குக் குஜராத் அரசு 2023இல் தடை விதித்ததையாவது வளாகத் தோட்டம் வடிவமைப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நிற்கிற மரத்தின் அடியைச் சிமெண்டால் மூடாதீர்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் திறந்திருக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே தில்லிக்குச் சொல்லிவிட்டது. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த சென்னையில், வேர் பரவ இடமில்லாத மரம் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தோண்டிய மேல்மண்ணை லாரியில் ஏற்றி விற்றுவிடாதீர்கள். அதில் விதைகள் இருக்கின்றன, அதையே தோட்டத்துக்குப் பரப்புங்கள். மனையின் ஓர் ஓரத்தையாவது வேலியடைத்து அப்படியே விட்டுவிடுங்கள்.

கணக்கெடுப்பவரைப் பொக்லைனுக்கு முன்பாக அழையுங்கள் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அழைத்தால் இன்னும் நல்லது; மே மாதத்துக் காய்ந்த தரையில் பாதிச் செடிகள் எங்கள் கண்ணுக்கும் தென்படுவதில்லை.