மகுடத் திரளெறிவு: ‘கொரோனல் மாஸ் எஜெக்‌ஷன்’ தமிழில்

2024 மே 10 இரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் செம்மை பூத்தது. அதைப் பற்றிய தமிழ்ச் செய்திகளில் ‘சூரியப் புயல்’, ‘சூரிய வெடிப்பு’, ‘சூரியத் தீப்பிழம்பு’ எல்லாம் ஒரே பொருளில் கலந்து கிடந்தன. வானத்தைச் சிவக்க வைத்தது கொரோனல் மாஸ் எஜெக்‌ஷன், சுருக்கமாக சிஎம்இ. சூரியனின் வெளி வளிமண்டலத்திலிருந்து பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, பெருந்திரளாக, தன் காந்தப்புலத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விண்ணில் எறியப்படுவதே சிஎம்இ. பெரியவற்றில் நூறு கோடி டன்னுக்கு மேலும் பொருள் இருக்கும்.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘கொரோனா’ இலத்தீனில் மாலை அல்லது முடி. அதற்கும் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு வளைந்த பொருள் என்றும் காகம் என்றும் அர்த்தம் உண்டு. முழுச் சூரிய கிரகணத்தில் கருவட்டத்தைச் சுற்றித் தெரியும் வெண்ணிற ஒளிக்கு இந்தப் பெயரைக் கொடுத்தவர் ஸ்பெயின் நாட்டு வானியலர் ஹோசே ஹொவாகின் தெ ஃபெரர். 1806 கிரகணத்தை அவர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக்கில் பார்த்தார். 1968இல் ஒரு வைரஸ் குடும்பத்துக்கு இதே பெயரை வைத்ததும், நுண்ணோக்கியில் அதன் விளிம்பு சூரியனின் கொரோனாவைப் போலத் தெரிந்ததால்தான். 2020க்குப் பிறகு ‘கொரோனா’ என்று மொட்டையாக எழுதினால் வாசகர் மருத்துவமனைக்குப் போய்விடுகிறார். தமிழ்ச்சொல் தேட அது ஒன்றே போதுமான காரணம்.

சூரியனின் கொரோனாவை நாளிதழ்கள் பெரும்பாலும் ‘ஒளிவட்டம்’ என்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. சூரியனையோ நிலாவையோ சுற்றிச் சில நாள் தெரியும் வளையத்துக்கு நம்மிடம் முன்பே பெயர்கள் உண்டு: நிகண்டில் ஊர்கோள், பரிவேடம், ஊர்ப்பேச்சில் வட்டம், கோட்டை. ‘அகல் வட்டம் பகல் மழை’ என்ற பழமொழி அதைப் பார்த்துச் சொன்னது. அந்த வளையம் நம் வானத்து மேகத்தின் பனிப்படிகங்களால் உண்டாவது. சூரியனுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கொரோனாவோ சூரியனின் உடைமை. சூரியப் பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ் என்றால், இது பத்து லட்சம் டிகிரியைத் தாண்டும். போதாததற்கு, ஒளிவட்டம் என்றதும் சாமி படம் நினைவுக்கு வரும். ஆகவே ‘மகுடம்’. அது வடசொல், ‘முடி’ என்க என்பார்கள். ‘சூரியன் முடியை எறிந்தது’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அடுத்தது ‘மாஸ்’. சிக்கல் இங்கேதான் பெரிது. தமிழ்நாட்டுப் பாடநூலில் இதற்கு நிறை, எடை என்பது வேறு. இலங்கைப் பாடநூலில் இதற்குத் திணிவு, எடைக்குத்தான் நிறை. ‘நிறை வெளியேற்றம்’ என்று எழுதினால் மதுரை மாணவருக்கு ஒன்றும் யாழ்ப்பாண மாணவருக்கு வேறொன்றும் புரியும். இருவருக்குமே அது தவறான பொருள் என்பது வேறு கதை, ஏனென்றால் இங்கே பேசப்படுவது அளந்தறியும் பண்பு அல்ல, பொருளின் குவியல். இலத்தீன் ‘மாஸா’வுக்கு உருண்டை, பிசைந்த மாவு என்று பொருள், கிரேக்க மூலம் பார்லி அடையைக் குறித்தது. அந்தப் பழம்பொருளுக்கு ‘திரள்’ அப்படியே பொருந்துகிறது. இரு கரையிலும் புழங்கும் சொல்லும்கூட.

‘எஜெக்‌ஷன்’ இலத்தீனின் ‘எறி’ என்ற வினையிலிருந்து வருவது. ‘வெளியேற்றம்’ சாக்கடை நீருக்குச் சரி, நொடிக்கு 250 முதல் 3,000 கிலோமீட்டர் வரை பாய்வதற்கு அது சோம்பலான சொல். ‘உமிழ்வு’ ஒளிக்கும் கரிமத்துக்கும் போய்விட்டது. ‘வீச்சு’ இயற்பியலில் அலையின் அளவைக் குறிக்கிறது. ‘எறிகணை’யில் உள்ள எறிதான் வேண்டும். ஆக, மகுடத் திரளெறிவு. மகுடத்தைப் பார்க்கும் கருவி மகுடநோக்கி என்றாகிவிடுகிறது.

அந்தக் கருவி இல்லாமல் இந்தச் சொல்லே பிறந்திருக்காது. மகுடம் சூரியப் பரப்பைவிடப் பத்து லட்சம் மடங்கு மங்கல்; கிரகணத்தின் சில நிமிடங்கள் தவிர மற்ற நேரம் காண முடியாது. 1930இல் பிரான்சின் வானியலர் பெர்னார் லியோ, சூரிய வட்டைத் தகட்டால் மறைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கினார். காற்றின் சிதறொளி இல்லாத விண்வெளிக்கு அந்த உத்தி போன பிறகு, 1971 டிசம்பர் 14 அன்று ஓஎஸ்ஓ-7 செயற்கைக்கோள் திரளெறிவு ஒன்றை முதன்முதலாகப் பதிவு செய்தது. 1970களின் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாபின் காலத்தில் ‘மகுடத்தில் தற்காலிக மாற்றம்’ என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. எறியப்படுவது பொருள் என்று உறுதிப்பட்ட பிறகே இன்றைய பெயர் நிலைத்தது. 1995இல் கிளம்பிய ஐரோப்பிய-அமெரிக்க விண்கலம் சோஹோவும், 2024 ஜனவரி 6 அன்று தன் இடம் சேர்ந்த இந்திய விண்கலம் ஆதித்யா-எல்1இன் மகுடநோக்கியான விஇஎல்சியும் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், லியோவின் அதே உத்தியைத்தான் கையாள்கின்றன.

இனி, கலந்துபோன மற்ற சொற்கள். 1859 செப்டம்பர் 1 அன்று ஆங்கிலேய வானியலர் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியப் புள்ளிகள் மேல் கண்டது ‘ஃப்ளேர்’, அதாவது சுடர்வெடிப்பு. அது ஒளி, எட்டு நிமிடத்தில் வந்து சேரும், பகல் பக்கத்தில் சிற்றலை வானொலியைக் கெடுக்கும். அவர் பார்க்காத திரளெறிவு ஏறத்தாழ பதினேழரை மணி நேரம் கழித்து வந்தது. தந்திக் கம்பிகளில் பொறி பறந்தது. மும்பை கொலாபா ஆய்வகத்தில் காந்தப்புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) சரிந்தது. சுடர்வெடிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற நம்பிக்கை நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1993இல் அமெரிக்க இயற்பியலர் ஜான் காஸ்லிங் அதை ஒரு கட்டுக்கதை என்றே எழுதினார். இரண்டும் பலமுறை சேர்ந்து வரும், தனித்தும் வரும்.

‘புயல்’ என்பதோ சூரியனில் நடப்பதல்ல. திரள் சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால், பூமியின் காந்தப்புலத்தோடு பிணைந்து ஆற்றலைக் கொட்டுகிறது. வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் வந்த சுவடு தெரியாது. பூமியில் நிகழும் அந்தக் கலக்கம்தான் புவிக்காந்தப் புயல். 1806இல் பெர்லினில் காந்த ஊசி துடித்ததைக் கண்ட ஜெர்மானிய அறிவியலர் ஹம்போல்ட் வைத்த பெயரின் வழி வந்தது இந்தச் சொல். (சங்கத் தமிழில் புயல் மேகம், காற்று பின்னால் ஏறிய பொருள்.) 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது இதனால். 2022 பிப்ரவரியில் சிறு புயல் ஒன்றே மேல்வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்ப வைத்ததில், புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை விழுந்து எரிந்தன.

ஆகவே ‘பூமியை நோக்கி வரும் சூரியப் புயல்’ என்ற தலைப்பில் வருவது புயல் அல்ல, திரளெறிவு. புயல் அது வந்து சேர்ந்த பிறகு. சில சமயம் எழாமலேயும் போகும்.