பழைய வீட்டுப் படத்துக்கு மூன்று தேதிகள்

பழைய வீடுகளைச் சீரமைப்பது என் தொழில். வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்காரர்கள் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். “வீடு கட்டின புதுசுல எடுத்தது. இதே மாதிரி திரும்ப ஆக்கித் தந்துடுங்க” என்பார்கள். இந்த ஒரு வரியை அப்படியே நம்பினால் வீட்டுக்குத்தான் சேதம். படத்தில் தெரிகிற வராந்தாதான் மூல அமைப்பு என்று எண்ணி, உண்மையான பழைய முகப்பை உடைத்துப் புது வராந்தா எழுப்புகிறார்கள். வீடு கட்டி ஒரு தலைமுறை கழித்துச் சேர்த்த வராந்தா அது என்பது பிறகு தெரிந்து என்ன பயன்? உடைத்தது உடைத்ததுதான்.

ஒரு படத்துக்கு மூன்று தேதிகள் உண்டு: படம் எடுத்த நாள், அது காகிதத்தில் அச்சான நாள், பின்புறத்தில் யாரோ குறிப்பு எழுதிய நாள். மூன்றும் ஒரே காலமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணாடித் தகட்டு நெகட்டிவ் பல வருடம் பெட்டியில் கிடந்த பிறகு அச்சாகியிருக்கலாம். பழைய அச்சையே மறுபடி படம்பிடித்து நகல் போட்டிருக்கலாம். குறிப்பு எழுதியவர் பேரனோ பேத்தியோ, தாம் கேள்விப்பட்ட ஆண்டை எழுதியிருக்கலாம்.

அதனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் படம் பதிந்த பொருளைப் பார்ப்பேன். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில், முகம் பார்க்கிற அளவுக்கு மின்னினால் அது டாகெரோடைப். 1839இல் அறிமுகமாகி, 1850களின் முடிவில் பெரும்பாலும் ஓய்ந்துபோன முறை. மெல்லிய காகிதத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி, வெளிறிய பகுதிகள் மஞ்சளாகப் பழுத்திருந்தால், முட்டையின் வெள்ளைக்கரு பூசிய ஆல்புமன் அச்சாக இருக்கலாம். அது 1850இல் வந்து 1890கள் வரை கோலோச்சியது. படத்தைச் சாய்த்துப் பிடிக்கும்போது கருமையான இடங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு எழுகிறதா? பெரும்பாலும் ஜெலட்டின் வெள்ளி அச்சு, 1880களிலிருந்து பரவியது. வட்டமான படம் என்றால் 1888இல் வந்த கோடாக் கேமராவும் அதை அடுத்த சில ஆண்டுகளும் நினைவுக்கு வர வேண்டும். தபால் அட்டையாக அச்சிட்டிருந்தால் பின்புறத்தைப் பாருங்கள். செய்திக்கும் முகவரிக்கும் நடுவே கோடு போட்ட அட்டைக்கு பிரிட்டனில் 1902இலும் அமெரிக்காவில் 1907இலும்தான் அனுமதி கிடைத்தது.

எனக்கு மிகவும் உதவுவது புற ஊதா விளக்கு. காகிதத்தைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் ஒளிர்வுப் பொருள்கள் 1950களில்தான் புகைப்படக் காகிதத்தில் இடம்பெறத் தொடங்கின. இருட்டில் விளக்கடியில் காகிதம் நீலமாக ஒளிர்ந்தால், அச்சு அதற்கு முந்தையது அல்ல. 1940இல் இறந்த அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் தாமே அச்சிட்டவை என்று விற்கப்பட்ட சில படங்கள் பிற்காலத்தவை என்பதை அம்பலப்படுத்தியதில் இந்தச் சோதனைக்கும் பங்குண்டு. ஆனால் இது அச்சின் வயதை மட்டுமே சொல்லும். 1890இல் எடுத்த நெகட்டிவை 1960இல் அச்சிட்டாலும் காகிதம் ஒளிரத்தான் செய்யும். காட்சியின் வயதுக்கு வீட்டைத்தான் கேட்க வேண்டும்.

படத்தில் இருக்கிற ஒவ்வொன்றும் ‘இதற்கு முன் இல்லை’ என்று ஒரு கீழ் எல்லையைத் தரும். சுவரில் தொலைபேசிக் கம்பி ஏறினால் 1876க்குப் பிறகுதான். உடையும் வண்டியும்கூட அப்படியே. அவை வழக்கத்துக்கு வந்த காலம் தெரிந்தால் கீழ் எல்லை கிடைக்கும், ஆனால் எத்தனை வருடம் பழசானதை வைத்திருந்தார்கள் என்று யார் கண்டது? மேல் எல்லைக்கு, பின்னால் காணாமல் போனவற்றையும் இன்னும் கட்டப்படாதவற்றையும் தேட வேண்டும். கட்டட அனுமதி, வரிப் பதிவேடு, நில அளவை வரைபடம் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் புகைபோக்கியும் பக்கவாட்டு அறையும் ஆண்டுகளோடு பொருந்தத் தொடங்கும். அட்டையில் ஸ்டுடியோ முகவரி இருந்தால், ஊரில் யார் எங்கே தொழில் செய்தார்கள் என்று பட்டியலிடும் பழைய நகரக் கையேடுகளில் தேடுங்கள். அந்தப் புகைப்படக்காரர் அந்த முகவரியில் தொழில் செய்த ஆண்டுகள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: கம்பி இல்லை என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். தபால் அட்டைக்காகக் கம்பிகளையும் கம்பங்களையும் கையால் அழித்து அச்சிடுவது சாதாரணமாக நடந்தது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஆரம்பகாலத் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும்தான் நன்றாகத் தெரியும். நீலம் வெளிறிப் பதியும். சிவப்பும் மஞ்சளும் கருத்துப்போகும். வானம் பெரும்பாலும் வெறும் வெள்ளையாகத் தெரிவது இதனால்தான். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடு 1906இல் விற்பனைக்கு வந்தாலும், பரவலாக மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆக, 1880களின் படத்தில் கறுப்பாகத் தெரிகிற ஜன்னல் சட்டம் நல்ல மஞ்சளாக இருந்திருக்கலாம், வெள்ளையாகத் தெரிகிற கதவு வெளிர் நீலமாக இருந்திருக்கலாம். இரண்டு படங்களில் சுவரின் சாயல் மாறியிருந்தால் நடுவில் வண்ணம் அடித்தார்கள் என்று பொருளில்லை, தகட்டின் வகை மாறியிருக்கலாம். வண்ணத்தைத் தீர்மானிக்க மரத்திலிருந்தே சிறு துணுக்கு எடுத்து, பூச்சு அடுக்குகளை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் சரி.

இடவலம் மாறியிருப்பதும் உண்டு. டாகெரோடைப்பும், மெல்லிய இரும்புத் தகட்டில் பதிகிற டின்டைப்பும் பொதுவாகக் கண்ணாடிப் பிம்பம்போலவே பதியும்; நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டாலும் இதே கதிதான். படிக்கட்டு எந்தப் பக்கம் என்று வீட்டோடு ஒப்பிடாமல் ‘படிக்கட்டை இடம் மாற்றியிருக்கிறார்கள்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

நிழலை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. வீடு எந்தத் திசை பார்க்கிறது என்று தெரிந்தால் நேரமும் வருடத்தின் எந்தப் பகுதி என்பதும் கிடைக்கும், அதுவும் இரட்டையாக. ஏப்ரல் மூன்றாம் வாரத்துச் சூரியப் பாதைதான் ஏறக்குறைய ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும். எது என்பதை மரத்தின் இலைதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் படம் கெடாமல் இருந்தால்தான். ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், பக்கத்துப் படங்களும் வரிசையும்கூடச் சாட்சிதான். அட்டையைக் கத்தரிக்காதீர்கள். ஒட்டும் டேப் வேண்டவே வேண்டாம். ஸ்கேன் செய்தால் ஓரம், பின்புறம் எல்லாம் சேர்த்து எடுங்கள்.

அப்புறம், தேதியை ‘1910’ என்று ஒற்றை எண்ணாக எழுதி வைக்காதீர்கள். தனித்தாளில், ‘அச்சு 1907க்குப் பின், ஏனென்றால் அமெரிக்க அட்டை, பின்புறத்தில் நடுக்கோடு; காட்சி 1925க்கு முன், ஏனென்றால் அந்த ஆண்டு அனுமதி வாங்கிய பக்கவாட்டு அறை இன்னும் இல்லை’ என்று காரணத்தோடு எழுதுங்கள். பின்னால் வேறொரு ஆவணம் கிடைக்கும்போது எந்த எல்லையைத் திருத்த வேண்டும் என்று அடுத்து வருகிறவருக்குத் தெரியும்.