வெயிலில் தண்ணீர் வடிக்கும் பெட்டி: ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?

பள்ளி, கல்லூரி அறிவியல் கண்காட்சிகளுக்குப் போனால் இந்தப் பெட்டியைப் பார்க்காமல் வர முடியாது. கருப்புப் பெயிண்ட் அடித்த ஒரு தட்டு, அதில் உப்புத் தண்ணீர், மேலே சாய்வாக ஒரு கண்ணாடி, கண்ணாடியின் கீழ் ஓரத்தில் சின்ன வாய்க்கால், அதிலிருந்து பாட்டிலுக்கு ஒரு குழாய். சோலார் ஸ்டில் என்று பெயர். பக்கத்தில் நிற்கும் மாணவர்கள் 'வெயிலில் நீர் ஆவியாகும், கண்ணாடியில் குளிர்ந்து சொட்டும், நல்ல தண்ணீர் கிடைக்கும்' என்று மூன்றே வரியில் விளக்கத்தை முடித்துவிடுவார்கள். அப்புறம் பார்க்க வந்தவர் கேட்பார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வரும்?"

அரை லிட்டர், மிஞ்சினால் முக்கால் லிட்டர். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள பெட்டிக்கு அதுதான் நியாயமான விடை. இதைச் சொல்லப் பல குழுக்கள் தயங்குகின்றன. தயங்கவே தேவையில்லை. ஏன் அரை லிட்டர், ஏன் ஐந்து லிட்டர் வராது என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கு அந்தப் பெட்டியின் அறிவியல் முழுக்கப் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கணக்கை வெயிலிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் நல்ல வெயில் அடிக்கும் நாளில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 5 யூனிட். மின்சாரக் கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான். சரி, ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க எவ்வளவு வேண்டும்? 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 290 கிலோஜூல் போதும். அந்தக் கொதிக்கும் தண்ணீர் முழுவதையும் ஆவியாக மாற்றவோ இன்னும் 2,260 கிலோஜூல் தர வேண்டும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு! இவ்வளவும் உள்ளே போகும்போது வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாது. பாடப்புத்தகம் இதைத்தான் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்கிறது.

தண்ணீர் ஏன் இவ்வளவு கேட்கிறது? ஒவ்வொரு நீர் மூலக்கூறும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்துக்கொண்டிருக்கிறது. கூட்டத்திலிருந்து ஒன்று தனியாகப் பிரிந்து காற்றில் ஏற வேண்டுமானால் அந்தப் பிணைப்புகள் எல்லாம் அறுபட வேண்டும். அறுக்கும் வேலைக்கான விலைதான் அந்த ஆற்றல். இதற்கு நீர் கொதிக்க வேண்டியதில்லை. எந்த வெப்பநிலையிலும் சில மூலக்கூறுகள் மற்றவற்றைவிட வேகமாக ஓடும்; மேற்பரப்புக்கு வரும் வேகமானவை தப்பிப் போகும். பெட்டிக்குள் தண்ணீர் 60 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். அந்தச் சூட்டில் விலை இன்னும் சற்று அதிகம், லிட்டருக்கு சுமார் 2,360 கிலோஜூல். யூனிட்டில் சொன்னால் 0.65.

இப்போது வகுத்துப் பாருங்கள். 5 யூனிட்டை 0.65-ஆல் வகுத்தால் ஏழே முக்கால் லிட்டர் வரும். ஒரு துளி வெப்பம்கூட வீணாகாமல் இருந்தாலும், சதுர மீட்டருக்கு அதுதான் உச்சம். நிஜத்தில் கண்ணாடி கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும், பெட்டியின் அடிப்பக்கமும் பக்கவாட்டுகளும் வெப்பத்தைக் கசியவிடும், சூடான தண்ணீர் கண்ணாடியை நோக்கி அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கும். எல்லாம் போக, நன்றாகச் செய்த பெட்டியில் சதுர மீட்டருக்கு 2 முதல் 3 லிட்டர் கிடைக்கிறது. மாணவர்களின் பெட்டி சதுர மீட்டரில் கால் பங்குக்குச் சற்று மேல். அரை லிட்டருக்கும் முக்கால் லிட்டருக்கும் கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

உப்பு ஏன் கூடவே ஏறுவதில்லை என்பதற்கு விடை எளிது. சோடியம், குளோரைடு அயனிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் இறுக்கமாகச் சூழ்ந்திருக்கும். அந்தப் பிடியை விட்டு அயனி காற்றுக்கு வருவது 60 டிகிரியில் நடக்கிற காரியமில்லை. சாப்பாட்டு உப்பு உருகவே 801 டிகிரி வேண்டும். ஃபுளோரைடு, ஆர்சனிக், இரும்பு எல்லாம் இதே கதைதான், தட்டிலேயே தங்கிவிடும். பாக்டீரியாவும் ஆவியோடு ஏறாது. இந்தப் பெட்டியில் கிருமியை வெயில் கொல்கிறது என்று அட்டையில் எழுதி வைக்கும் குழுக்கள் உண்டு. அது முக்கியக் காரணம் இல்லை. கிருமி பின்தங்குகிறது என்பதுதான் சரியான விளக்கம்.

ஆவியானது மறுபடி தண்ணீராவதுதான் இரண்டாவது பாதி. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் வழிகிற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அளவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 60 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 130 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் 51 கிராம்தான் தாங்கும். தண்ணீர் மேல் நிறைந்திருக்கும் சூடான ஈரக்காற்று மேலே போய் 40 டிகிரி கண்ணாடியைத் தொட்டால், மிச்சமுள்ள ஏறக்குறைய 80 கிராமை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கும், மறுபடி நீராவியை நிரப்பிக்கொண்டு ஏறும். அதனால் தண்ணீர் எவ்வளவு சூடு என்பது மட்டும் பார்த்தால் போதாது, கண்ணாடி எவ்வளவு குளிர்ச்சி என்பதும் அதே அளவு முக்கியம்.

லட்சத்தீவின் கவரத்தியில் சென்னையைச் சேர்ந்த தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-ல் அமைத்த நிலையம் இந்த வெப்பநிலை வித்தியாசத்தை வைத்தே நடக்கிறது. கடலின் மேல்மட்டத்தில் இருக்கும் வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து இழுத்து வரும் குளிர்ந்த நீரால் அதைக் குளிர்விக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தருவதற்கான நிலையம் அது.

பெட்டிக்குத் திரும்புவோம். நண்பகலில் வெயில் உச்சத்தில் இருக்கும்போது கண்ணாடியும் சுடும். பாட்டிலில் தண்ணீர் வேகமாகச் சேர்வது பெரும்பாலும் அதற்குப் பிறகு, பிற்பகலில்தான். பொழுது சாய்ந்ததும் கண்ணாடி சட்டென்று குளிரும், தண்ணீர் மட்டும் சூடாகவே இருக்கும், சொட்டு நிற்காது. மாலை நான்கு மணிக்குப் பெட்டியை எடுத்து வைத்துவிடும் குழு தன் தண்ணீரில் ஒரு பங்கைத் தானே இழக்கிறது. மறுநாள் காலை வரை அப்படியே விட்டு அளப்பதே சரி.

செய்முறையில் கவனிக்க வேண்டியவற்றில் எனக்கு முதலில் தோன்றுவது நீரின் ஆழம். தட்டு நிறைய ஊற்ற வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு செ.மீ. ஆழம் போதும். ஐந்து செ.மீ. ஊற்றினால் காலை வெயில் முழுவதும் அந்தத் தண்ணீரைச் சூடாக்கவே செலவாகிவிடும். கண்ணாடியின் சரிவு அடுத்தது. நம் ஊர்களின் அட்சரேகை 8 முதல் 13 டிகிரி. அதே அளவு சரிவில் தெற்கு நோக்கி வைத்தால் ஆண்டு முழுவதும் சராசரியாக நல்ல வெயில் கிடைக்கும். துளிகள் தடங்கலின்றி ஓட வேண்டும் என்பதற்காக 15 டிகிரி வரை போகலாம். செலவைக் குறைக்க கண்ணாடிக்குப் பதில் பாலித்தீன் தாள் போடுபவர்கள் உண்டு. கண்ணாடியில் தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவி வழிந்துவிடும். பாலித்தீனில் மணி மணியாக நின்று ஒளியைச் சிதறடிக்கும், கொஞ்சம் தட்டினாலும் மறுபடி தட்டிலேயே விழும். கண்ணாடியிலும் விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை இருந்தால் இதே தொல்லைதான். பொருத்துவதற்கு முன்னால் உள்பக்கத்தை சோப்பு போட்டுக் கழுவுவது ஐந்து நிமிட வேலை.

எல்லாவற்றையும்விட மோசமான எதிரி ஆவிக்கசிவு. கண்ணாடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும் சூடான ஈரக்காற்று அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், ஒரு அளவுக் குவளை போதும். உதாரணமாக, காலையில் ஊற்றியது 2.7 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் தட்டில் மிச்சம் 1.9 லிட்டர். பாட்டிலில் இருப்பது 0.55 லிட்டர். கூட்டினால் 2.45 தான் வருகிறது. காணாமல் போன கால் லிட்டர் எங்கே? வெளியே கசிந்திருக்கும், அல்லது தட்டுக்கு அடியில் இருக்கும் தெர்மாகோல் குடித்திருக்கும். ஈரமான தெர்மாகோல் முன்போல் வெப்பத்தைத் தடுக்காது என்பதால் இழப்பு அடுத்த நாளும் தொடரும். வரவு, மிச்சம், செலவு என்று மூன்று பத்தி போட்டு ஒரு நோட்டில் தினமும் எழுதும் குழுதான் ஆராய்ச்சி செய்கிறது என்பேன். வழவழ அட்டைகளும் வண்ண விளக்குகளும் அந்த நோட்டுக்கு ஈடாகாது.

இடைவெளியை அடைக்க சிலிக்கோன் நல்லது. ஆனால் கடையில் பொதுவாகக் கிடைப்பது காயும்போது வினிகர் வாசம் வீசும் வகை. அந்த வாசம் தண்ணீரிலும் ஏறும். ஓரிரு நாள் நன்றாகக் காயவிட்டு, பிறகு வரும் தண்ணீரையும் வாசம் அறவே நிற்கும் வரை கீழே ஊற்றிவிட வேண்டும். கருப்புப் பெயிண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பிறகு சோதனை. மாணவர்கள் கையில் எடுப்பது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. கையடக்க மீட்டர்கள் பலவற்றால் 10,000-க்கு மேல் காட்ட முடியாது. ஒரு பங்கு கடல்நீரோடு ஒன்பது பங்கு வடித்த நீரைக் கலந்து, காட்டும் அளவைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம். வடித்த நீரில் மீட்டர் சில பத்துகளுக்குள் காட்ட வேண்டும். 200, 300 என்று காட்டினால், பெட்டியை நகர்த்தும்போது உப்புத் தண்ணீர் வாய்க்காலில் தெறித்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இந்த மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனைத்தான். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அழுக்குப் பாட்டிலில் பிடித்தால், எண் நன்றாக இருந்தும் தண்ணீர் கெட்டதாக இருக்கலாம்.

எந்த ஊருக்கு எந்தப் பெட்டி என்ற கேள்வியைக் குழுக்கள் வேலை தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் சோலார் ஸ்டில் தேவையே இல்லை. தெளிவான தண்ணீரை நிறமில்லாத பெட் பாட்டிலில் நிரப்பி ஆறு மணி நேரம் வெயிலில் கிடத்தினால் புறஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து கிருமிகளைச் செயலிழக்கச் செய்துவிடும். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். பெய்ரூட்டில் அஃப்தீம் அக்ரா 1980-ல் விளக்கிய முறை இது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடுக்கு அந்த பாட்டில் எதுவும் செய்யாது. கொதிக்க வைத்தால் நிலைமை இன்னும் மோசம்: தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் செறிவு கூடும். ராமநாதபுரம் கடற்கரையின் உப்புக் கிணற்றுக்கும் தருமபுரியின் ஃபுளோரைடுக்கும் வடித்தல் வேலை செய்யும். சாயப்பட்டறைக் கழிவு கலந்த நீருக்கோ பூச்சிமருந்து கலந்த நீருக்கோ இதை நம்பக் கூடாது. எளிதில் ஆவியாகும் ரசாயனங்கள் தண்ணீரோடு சேர்ந்தே ஏறி, சேர்ந்தே சொட்டும்.

இந்தத் தொழில்நுட்பத்தைப் பெரிய அளவில் செய்து பார்க்காமல் இல்லை. 1872-ல் சிலி நாட்டின் லாஸ் சலினாஸ் என்ற பாலைவன ஊரில், வெடியுப்புச் சுரங்கத்தில் சுமை இழுத்த கோவேறு கழுதைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் தர சார்லஸ் வில்சன் என்ற பொறியாளர் கண்ணாடிக் கூரைகளை வரிசை வரிசையாகப் பதித்தார். மொத்தப் பரப்பு 4,000 சதுர மீட்டருக்கு மேல். கடல்நீரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு உப்பான தண்ணீரிலிருந்து ஒரு நாளில் 20,000 லிட்டருக்கும் அதிகமாக எடுத்தார்கள். சுமார் 40 ஆண்டுகள் அது ஓடியது. குஜராத்தில் பாவ்நகரை ஒட்டிய அவானியா கிராமத்திலும் 1978-ல் நாளுக்கு 5,000 லிட்டர் தரும் நிலையம் அமைந்தது. இரண்டிலும் சதுர மீட்டருக்குக் கிடைத்தது சில லிட்டர்கள்தான். இடத்தைப் பெருக்கித்தான் தண்ணீரைப் பெருக்கினார்கள்.

இடத்தைப் பெருக்காமல் தண்ணீரைப் பெருக்க ஒரு வழி உண்டு. ஆவியாகும்போது தண்ணீர் வாங்கிக்கொண்ட உள்ளுறை வெப்பம் எங்கே போகிறது? குளிரும்போது கண்ணாடியிடம் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கண்ணாடி அதைக் காற்றில் விட்டுவிடுகிறது. அந்த வெப்பத்தைப் பிடித்து இன்னொரு அடுக்குத் தண்ணீரை ஆவியாக்கினால்? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப் பத்து அடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார்கள். தண்ணீரை உறிஞ்சி ஏற்ற அவர்கள் பயன்படுத்தியது கை துடைக்கும் பேப்பர் டவல். சதுர மீட்டருக்கு ஒரு மணி நேரத்தில் 5.78 லிட்டர் கிடைத்தது. திறன் 385 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஆற்றல் புதிதாக முளைக்கவில்லை, ஒரே வெப்பம் அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப வேலை செய்தது.

பள்ளிக் குழு பத்து அடுக்குக்குப் போக வேண்டாம், இரண்டு போதும். சாய்வான கண்ணாடியின் மேல் அரை செ.மீ. உயரத்துக்குப் படிப்படியாகச் சின்னத் தடுப்புகள் ஒட்டி, அவற்றில் தண்ணீர் நிறுத்தி, அதற்கு மேல் இன்னொரு கண்ணாடியால் மூடி, அதற்கும் ஒரு வாய்க்கால் வைக்கலாம். மேலே நிற்கும் தண்ணீர் கீழ்க்கண்ணாடியின் சூட்டில் ஆவியாகும், கூடவே அந்தக் கண்ணாடியையும் குளிர்விக்கும். பக்கத்திலேயே அதே அளவில் ஒற்றைக் கண்ணாடிப் பெட்டி ஒன்றும் இருக்கட்டும். ஒரே நாள், ஒரே வெயில், ஒரே தண்ணீர். மாறுவது அந்த இரண்டாவது அடுக்கு மட்டும். இரண்டு பாட்டில்களையும் காலையில் அளந்து நோட்டில் எழுதினால், கண்காட்சிக்கு வருபவரின் கேள்விக்குக் காட்ட இரண்டு எண்கள் கையில் இருக்கும்.