முதலில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்

தம்பியின் காரில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. காரணத்தைத் தானே பார்க்கலாம் என்று, காரின் கணினியிலிருந்து கோளாறு விவரத்தைப் படித்துப் போன் செயலிக்கு அனுப்பும் ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகினான். 'இணைக்க முடியவில்லை' என்றது செயலி. போனை அணைத்துப் போட்டான், செயலியை நீக்கி மறுபடி ஏற்றினான், கடைசியில் ஸ்கேனரே போலி என்று முடிவுகட்டினான். நான் போய்ப் பார்த்தபோது ஸ்கேனரில் ஒரு விளக்கும் எரியவில்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் போன் சார்ஜ் ஏறுகிறதா என்று கேட்டேன். "அது ஒரு வாரமாகவே ஏறவில்லை, அண்ணா" என்றான்.

பல கார்களில் இந்த இரண்டு சாக்கெட்டுகளுக்கும் ஒரே ஃபியூஸ்தான். ஸ்கேனருக்கு உயிர் தருவது 16ஆம் முனை. பேட்டரியின் 12 வோல்ட் நேராக அங்கே வருகிறது, சாவி போடாவிட்டாலும் வரும். 4, 5ஆம் முனைகள் எர்த். ஆகவே விளக்கு எரியாத ஸ்கேனருக்காகப் போனைக் குடைவது வீண். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, எரிந்ததை அதே ஆம்பியர் அளவில் மாற்ற வேண்டும். கூடுதல் ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயராக இருக்கும்.

'இணைக்க முடியவில்லை' என்ற ஒரே வாக்கியத்தை மூன்று வேறு கோளாறுகளுக்கும் சொல்வதுதான் இந்தச் செயலிகளின் பெரிய குறை. ஸ்கேனருக்கு மின்சாரம் வராமல் இருக்கலாம். போனும் ஸ்கேனரும் பேசாமல் இருக்கலாம். ஸ்கேனரும் காரும் பேசாமல் இருக்கலாம்.

விளக்கு எரிந்தும் இணையவில்லை என்றால்தான் போனின் பக்கம் வர வேண்டும். பழைய வகை புளூடூத் ஸ்கேனரை முதலில் போனின் அமைப்புகளில் ஜோடி சேர்க்க வேண்டும். கடவு எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. இந்த வகை ஐபோனில் பொதுவாக வேலை செய்யாது. ஐபோன்காரர்கள் குறைந்த ஆற்றல் புளூடூத் அல்லது வைஃபை உள்ளதை வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11 வரையிலான போன்களில் இருப்பிட அனுமதி தராவிட்டால் செயலியால் அருகில் இருக்கும் புளூடூத் கருவிகளைத் தேடவே முடியாது. வீட்டில் இன்னொரு போன் ஏற்கெனவே இணைந்திருந்தாலும் உங்கள் போனுக்கு இடம் கிடைக்காது.

வைஃபை ஸ்கேனரின் சிக்கல் வேறு. அதன் வைஃபையில் இணையம் கிடையாது. இணையம் இல்லை என்று கண்டதும் பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்துவிட்டு, செயலியில் முகவரி 192.168.0.10, போர்ட் 35000 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மலிவு ஸ்கேனர்களுக்கு இதுதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தகவல் வராவிட்டால், மிச்சமிருப்பது கார். இக்னிஷன் போடாவிட்டால் இன்ஜினின் கணினி விழிக்காது, ஸ்கேனரின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். இன்றைய கார்கள் 6, 14ஆம் முனைகளில் 'கேன்' என்ற மொழியில் பேசுகின்றன. பழைய கார்கள் பல 7ஆம் முனையில் வேறொரு மொழியில் பேசின. மலிவான நகல் ஸ்கேனர்கள் சிலவற்றுக்கு எல்லா மொழியும் தெரியாது. சந்தேகம் இருந்தால் வேறொரு காரில் செருகிப் பாருங்கள். அங்கே பேசினால் ஸ்கேனர் கெட்டுப்போகவில்லை, உங்கள் காரின் மொழி அதற்குத் தெரியவில்லை அல்லது காரின் வயரிங்கில் கோளாறு.

தம்பியின் காரில் ஃபியூஸை மாற்றியதும் ஸ்கேனரில் சிவப்பு விளக்கு வந்தது. சாவியைத் திருப்பி இன்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டு, செயலியில் 0105 என்று தட்டச் சொன்னேன். 'குளிர்விக்கும் நீர் எவ்வளவு சூடு?' என்று காரைக் கேட்கும் கேள்வி அது. 41 05 78 என்று பதில் வந்தது. முதல் இரண்டும் கேள்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளம். 78 என்பது பதினாறடிமான எண்: ஏழு பதினாறு 112, அதோடு 8 சேர்த்தால் 120. அதிலிருந்து 40 கழிக்க வேண்டும் என்பது விதி.

"எண்பது டிகிரி" என்று தம்பியே கணக்குப் போட்டுச் சொன்னான். பிறகு கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் பொத்தானை அழுத்தினான்.