தாயின் தட்டிலிருந்து சேயின் நாசிக்கு

ஐந்து மாதக் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலூட்டும் வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். அவரும் அவருடைய கணவரும் பால், தயிர், நெய், முட்டை அனைத்தையும் விலக்கிய வீகன் உணவுமுறைக்கு மாறியிருக்கிறார்கள். சோயாவை ஊறவைத்து அரைத்து டோஃபு செய்வது, இந்தோனேசியர்களின் டெம்பேயை வீட்டிலேயே பூசணம் பிடிக்கவைத்துப் பார்ப்பது என்று அவர்கள் சமையலறையில் புதிய முயற்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன. நான்கு வயது மூத்த மகன் அவற்றை வாயில் வைக்கவே மறுக்கிறான். மாமியாரோ, "பழக்கமில்லாததைத் தின்றால் பாலில் இறங்கும், பிள்ளைக்கு மாந்தம் வரும்" என்று எச்சரிக்கிறார். தாய் உண்பது பாலில் உண்மையிலேயே இறங்குமா, மூத்தவன் மறுப்பது தன் வளர்ப்பின் குறையா என்பவையே வாசகியின் கேள்விகள்.

மாமியார் சொன்னதில் முதல் பாதி சரி. பாலில் இறங்குகிறது. இறங்குவது எது, எவ்வழியாக என்பதுதான் சுவையான செய்தி.

நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி என்னும் சில அடிப்படைச் சுவைகளை மட்டுமே என்பதும், மற்றபடி நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை என்பதும் பள்ளிப் பாடத்திலேயே வந்தவை. உணவை மென்று விழுங்கும்போது அதிலிருந்து ஆவியாகும் மூலக்கூறுகள் தொண்டையின் பின்புறமாக மேலேறி, மூக்கின் உச்சியிலுள்ள முகர்வுப் படலத்தை அடைகின்றன. ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் அங்கே காத்திருக்கின்றன. ஆகவே, தாய் உண்ட உணவின் ருசி சேய்க்குச் செல்ல வேண்டுமானால், ஆவியாகக்கூடிய அந்தச் சிறு மூலக்கூறுகள் செரிமானத்தில் அழியாமல் தப்பி, இரத்தத்தில் கலந்து, பாலில் சேர வேண்டும்.

பூண்டைக் கொண்டு இப்பயணத்தைப் பின்தொடரலாம். பூண்டுப் பல்லை நசுக்கியவுடன் ஒரு நொதி செயல்பட்டு அல்லிசின் உருவாகிறது. அது நிலையற்றது, உடலுக்குள் அது சிதைந்து வேதிமாற்றம் அடைவதால் அல்லைல் மீத்தைல் சல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மம் தோன்றுகிறது. பூண்டின் மற்றச் சேர்மங்களைப் போல இதைக் குடலும் கல்லீரலும் விரைவில் உருக்குலைப்பதில்லை. எனவே இது இரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நுரையீரலை அடைந்தால் மூச்சில் வெளியேறுகிறது. பல் துலக்கிய பிறகும் பூண்டு நாற்றம் போகாததற்கு இதுவே காரணம். மார்பின் பால் சுரப்புச் செல்களைச் சுற்றி ஓடும் இரத்த நுண்குழாய்களையும் இதே மூலக்கூறு அடைகிறது.

இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது தகும். இரத்தத்துக்கும் பாலுக்கும் நடுவே, ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த செல்களால் ஆன ஓரடுக்குச் சுவர் உள்ளது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை அது எளிதில் விடுவதில்லை; சிலவற்றை அழைத்துச் செல்லவே தனி ஊர்திப் புரதங்கள் வேண்டும். ஆனால் செல்லின் சவ்வு அடிப்படையில் கொழுப்பால் ஆனது. சிறியதாகவும் கொழுப்பில் கரைவதாகவும் உள்ள மணமூலக்கூறுக்கு அந்தச் சவ்வு தடையே இல்லை. ஒருபுறம் கரைந்து மறுபுறம் வெளிப்பட்டுவிடுகிறது. மறுபுறம் காத்திருக்கும் தாய்ப்பாலிலோ நூற்றுக்கு நான்கு பங்கு வரை கொழுப்புத் துளிகள் மிதக்கின்றன. மணத்தைப் பிடித்துவைக்க அதைவிடப் பொருத்தமான நீர்மம் கிடைப்பது அரிது. பின்னர், தாயின் இரத்தத்தில் அச்சேர்மம் குறையக் குறைய, அதே சவ்வின் வழியே அது பாலிலிருந்து திரும்பிச் செல்லவும் செய்கிறது. ஆகவே பாலின் மணம் வேளைக்கு வேளை ஏறி இறங்குகிறது.

எல்லா மணங்களும் ஒரே போக்கில் செல்வதில்லை. 2008இல் டென்மார்க் ஆய்வாளர்கள் தாய்மார்களுக்கு நான்கு மணப்பொருள்களைக் கொடுத்து அவர்களுடைய பாலை அளந்தார்கள். சீமைச் சோம்பின் கார்வோனும் சோம்பின் அனெத்தோலும் இரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டன. புதினாவின் மென்தால் பல மணி நேரம் நீடித்தது. வாழைப்பழ மணம் தரும் எஸ்டரோ பாலில் தென்படவே இல்லை. தாய் எதை உண்டாலும் அப்படியே சேய்க்குச் செல்கிறது என்ற பொத்தாம் பொதுவான கூற்றை இந்த ஒரு சோதனையே மறுத்துவிடுகிறது.

குழந்தை இதைக் கவனிக்கிறதா? பிலடெல்பியாவின் மோனெல் வேதிப்புலன் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி போசம்பும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், பூண்டு மாத்திரை விழுங்கிய தாய்மாரின் பாலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின் மணம் மிகுந்தது. அவ்வேளையில் குழந்தைகள் முகம் சுளிக்காமல், வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பைப் பற்றியிருந்து சப்பின. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுக்கும் நம் வழக்கத்துக்கு இதைச் சான்றாகக் காட்டத் தோன்றும். 1993இல் மெனெல்லா செய்த தொடர் ஆய்வு அந்த ஆவலைச் சற்றுத் தணிக்கிறது. நாள்தோறும் பூண்டு உண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் அந்தக் கூடுதல் ஆர்வம் காணப்படவில்லை. அவற்றை ஈர்த்தது பூண்டின் புதுமைதான். பழகிய பின் அது பாலின் இயல்பான மணமாகிவிட்டது.

பழகுதல் கருப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. கரு மூன்றாம் மாத முடிவிலேயே பனிக்குட நீரை விழுங்கத் தொடங்கி, நிறைமாதத்தில் நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் விழுங்குகிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து அந்நீரில் சேரும் மணங்கள் கருவின் மூக்கை நனைக்கின்றன. பிரான்சின் அல்சாஸ் பகுதியில், பேறுகாலத்தின் இறுதி நாள்களில் சோம்பு மணமுள்ள தின்பண்டங்களை உண்ட தாய்மாரின் குழந்தைகள், பிறந்த சில மணி நேரத்திலேயே சோம்பு மணத்தின் பக்கம் தலையைத் திருப்பின. சோம்பு உண்ணாதவர்களின் குழந்தைகள் திரும்பவில்லை, சில முகத்தையும் சுளித்தன. பெனுவா ஷால் குழுவினர் 2000இல் வெளியிட்ட முடிவு இது. மெனெல்லாவின் 2001ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. கருவுற்றிருந்தபோதோ பாலூட்டியபோதோ மூன்று வாரம் கேரட் சாறு அருந்திய தாய்மாரின் குழந்தைகள், பல மாதம் கழித்துக் கேரட் சாற்றில் குழைத்த கூழை முதன்முதலில் உண்டபோது, தண்ணீர் மட்டும் அருந்திய தாய்மாரின் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தன.

வெந்தயத்தைப் பற்றிய மருத்துவக் குறிப்பு ஒன்றும் 2001இல் வெளியானது. பேற்று வலியின்போது வெந்தயம் உண்ட தாயின் குழந்தையிடம் மேப்பிள் பாகின் மணம் வீசியதால், அம்மணத்தையே அடையாளமாகக் கொண்ட கொடிய பரம்பரை வளர்சிதைமாற்ற நோயோ என்று மருத்துவர்கள் முதலில் ஐயுற்றார்கள். காரணம் வெந்தயத்திலுள்ள சோட்டலோன் என்னும் மணப்பொருள்தான். வெந்தயக்களியும் பெருங்காயமும் பூண்டும் பிள்ளைப்பேற்றோடு பிணைந்திருக்கும் நாடு நம்முடையது; ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இங்கு பிறக்கின்றன. இத்துறையின் பெயர்பெற்ற சோதனைகளோ, பூண்டு நீங்கலாக, கேரட்டையும் சோம்பையும் வைத்து நடந்தவை. இவ்வகை ஆய்வுக்குக் கோடிக்கணக்கில் செலவாகாது. ஒரு வாயுப் பகுப்பாய்வுக் கருவியும், ஒத்துழைக்கும் தாய்மாரும், பொறுமையும் போதும். பண்டைய அறிவைப் போற்றுவதாக மேடையில் முழங்குவோர் அதில் ஒரு சிறு பகுதியைச் சோதித்துப் பார்ப்பதற்கு நிதி ஒதுக்கினால் நன்றாயிருக்கும் என்பது என் கருத்து.

மாமியாரின் இரண்டாம் பாதியான மாந்தத்துக்கு வருவோம். பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளின் தட்டிலிருந்து காய்களையும் பயறுகளையும் நீக்குவது, உணவு மிகுதியாகத் தேவைப்படும் காலத்தில் அவளைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும். மணமூலக்கூறுகள் குழந்தையின் குடலைக் கெடுப்பதில்லை. அரிதாகச் சில குழந்தைகளுக்குத் தாய் உண்ட பசும்பால் அல்லது சோயாவின் புரதத் துணுக்குகள் ஒவ்வாமையைத் தருவதுண்டு; மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி போன்ற குறிகள் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவை இல்லாதபோது வெறும் அச்சத்தால் டோஃபுவை ஒதுக்கத் தேவையில்லை.

வீகன் தாய் உண்மையில் அஞ்ச வேண்டியது பாலில் இறங்குவதைக் குறித்தல்ல, இறங்காமல் போவதைக் குறித்து. வைட்டமின் பி12 நுண்ணுயிரிகளால் மட்டுமே உருவாக்கப்படுகிறது. செடிகொடிகளை மட்டும் உண்பவர்களுக்கு அது உணவிலிருந்து நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. டெம்பேயில் பி12 உண்டு என்பார்கள். ஆனால் அதைப் புளிக்கவைக்கும் ரைசோபஸ் பூசணம் பி12 உருவாக்குவதில்லை. கூடவே ஒட்டிவந்த பாக்டீரியா இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 2.8 மைக்ரோகிராம் வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. தாயின் கல்லீரல் சேமிப்பு அவளைச் சில ஆண்டுகள் காக்கலாம். பற்றாக்குறையுள்ள தாயின் குழந்தைக்கோ அத்தகைய சேமிப்பு இல்லை. பிறந்த சில மாதங்களில் சோர்வு, பாலில் நாட்டமின்மை, கற்ற அசைவுகளை மறத்தல் என்று தொடங்கி நரம்பு மண்டலமே பாதிக்கப்படலாம். எனவே வாசகி மருத்துவரிடம் கேட்டு, தனக்கான பி12 மாத்திரையை உடனே தொடங்குவது நல்லது. டோஃபு நன்றாக உறைகிறதா என்பதெல்லாம் அதற்குப் பின்னர்தான்.

இனி, மூத்தவன். இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு பின்வாங்குவது குழந்தைகளின் பொது இயல்பு. தானே நடந்துபோய்க் கண்டதை வாயில் போடத் தொடங்கும் வயதில், அறியாததை மறுத்த பிள்ளை நஞ்சுக்குத் தப்பியிருக்கும் என்று பரிணாம நோக்கில் இதை விளக்குவார்கள். பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையுள்ள இரட்டையர்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, இவ்வச்சத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 78 விழுக்காட்டை மரபணுக்களே விளக்குவதாகக் கண்டது. பிள்ளை உண்ணாவிட்டால் தாயைக் குற்றம் சொல்லும் வழக்கம் எல்லா வீடுகளிலும் இருக்கிறது. தந்தையிடம் யாரும் அக்கேள்வியைக் கேட்பதில்லை. பாதி மரபணு அவருடையது என்பதையாவது நினைவில் கொள்ளலாம்.

ஆனால் மரபணு தருவது தயக்கத்தை மட்டுமே; பழக்கம் அதைக் கரைக்கும். தாய்மார் வெறுப்பதாகக் கருதிக் கைவிட்ட காய்கறியை, ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டு முறை கொடுத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆய்வில், முதல்முறை சராசரியாக 39 கிராம் உண்டவை எட்டாம் முறை 174 கிராம் உண்டன. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னும் அதிக முறை தேவைப்படலாம். உணவைக் கண்ணால் பார்த்துப் பழகுவது மட்டும் போதாது. நுனிநாக்கில் ஒரு துணுக்காவது பட வேண்டும் என்பதை லீன் பர்ச் 1987இல் காட்டியிருக்கிறார்.

டோஃபுவில் ஒரு தனிச் சிக்கலும் உள்ளது. ஊறிய சோயாவைக் குளிர்ந்த நீரில் அரைக்கும்போது, உடைந்த செல்களிலிருந்து வெளிவரும் லிப்பாக்சிஜனேஸ் என்னும் நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு சோயாக் கொழுப்பைத் தாக்கி ஹெக்சனால் முதலிய சேர்மங்களை உண்டாக்குகிறது. மூத்தவன் மூக்கைப் பொத்திக்கொள்வதாக வாசகி எழுதியிருக்கும் பச்சை நெடி இதுவே. 1960களில் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் கண்ட தீர்வு எளிமையானது. கொதிநீரை ஊற்றி அரைத்து, அரைபடும்போதே வெப்பம் 80 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால், நொதி வேலை தொடங்கும் முன்பே செயலிழந்துவிடும். அரைத்த பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் ஏற்கெனவே உண்டான நெடி முழுதும் போகாது. சூடான பொருளை மூடிய மிக்ஸி ஜாரில் அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கி எறியக்கூடும் என்பதால், பாதி அளவு மட்டுமே நிரப்பி, ஆவி வெளியேற வழிவிட்டு அரைக்க வேண்டும்.

டோஃபுவையே வைத்து நடந்த சோதனையும் ஒன்றுண்டு. சூசன் சல்லிவனும் லீன் பர்ச்சும் 1990இல் வெளியிட்ட அந்த ஆய்வில், அதுவரை டோஃபு அறியாத 4, 5 வயது அமெரிக்கப் பிள்ளைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவுக்கு இனிப்பிட்டதும், ஒன்றுக்கு உப்பிட்டதும், மூன்றாவதற்கு எதுவும் சேர்க்காததும் 15 முறை கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு குழுவும் தான் உண்டு பழகிய வகையையே விரும்பத் தொடங்கியது. வெறும் டோஃபு உண்டவர்களுக்குக்கூட வெறும் டோஃபுவே பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த விருப்பம் மற்ற வகைகளுக்குப் பரவவில்லை. இனிப்போ உப்போ சேர்த்துப் பழகியவர்களுக்கு வெறும் டோஃபு பிடிக்காமலே போயிற்று. முதலில் சர்க்கரை தூவிப் பழக்கிவிட்டுப் பின்னர் மெல்லக் குறைத்துக்கொள்ளலாம் என்று வாசகி எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். வீட்டில் டோஃபு எந்த வடிவில் நிலைக்கப்போகிறதோ, மிளகு தூவி வறுத்ததாகவோ சாம்பாரில் போட்டதாகவோ, அந்த வடிவிலேயே முதல் துணுக்கையும் கொடுப்பது நல்லது.