வெளிச்சம் போதவில்லை என்பவர்கள் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும்

பாளையங்கோட்டையில் 26 ஆண்டுகளாக ஆட்டோ எலக்ட்ரீஷியனாக வேலை செய்துவருகிறேன். ஹெட்லைட் குறை சொல்லி என் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வாயிலிருந்து வருவது ஒரே வாக்கியம்தான்: "அண்ணாச்சி, லைட்டு பத்தல. நூறு வாட்டு பல்பாப் பாத்துப் போட்டு விடுங்க." அவர்கள் கேட்ட பல்பை எடுத்துக் கொடுப்பது எனக்கு இரண்டு நிமிட வேலை. ஆனால் அப்படி வருகிற வண்டிகளைச் சுவரைப் பார்க்க நிறுத்தி விளக்கைப் போட்டுப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவற்றில் வெளிச்சம் குறைந்திருக்காது. சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் வேறு எங்கோ விழுந்துகொண்டிருக்கும்.

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் வந்திருந்தார். இடப்பக்க பல்பு எரிந்துபோனதால் புதிது வாங்கித் தாமே மாற்றியிருக்கிறார். அன்றிரவே குடும்பத்தோடு திருச்செந்தூர் புறப்பட்டவருக்கு, எதிரே வந்த வண்டிகளெல்லாம் டிப் அடித்துக்கொண்டே இருந்தது ஏன் என்று புரியவில்லை. அது தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். கருங்குளம் தாண்டியதிலிருந்து சாலையோரம் முழுவதும் பாதயாத்திரைக் கூட்டம். ஆழ்வார்திருநகரி அருகே, இடது ஓரத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு குழுவை மிகக் கிட்டத்தில் வந்த பிறகுதான் பார்த்ததாகவும், வண்டியை வலப்பக்கம் வெட்டித் திருப்பியதாகவும் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. விரதக்காரர்கள் உடுத்தும் பச்சை ஆடை இருட்டில் ஏறக்குறைய கறுப்பாகத்தான் தெரியும். அவர்களை நமக்குக் காட்ட வேண்டியது, சாலையோரத்தில் தாழ்வாக விழும் அந்த இடப்பக்க வெளிச்சம்தான்.

விளக்கின் பின்புறம் தண்ணீர் புகாமல் மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) கழற்றிப் பார்த்தேன். பல்பின் அடித்தட்டிலிருந்து காது போல நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளில் மேலே உள்ளது அதற்குரிய பள்ளத்தில் உட்காராமல் வெளியே நின்றது. கம்பிக் கிளிப் அந்தக் கோணலோடு அதை அழுத்திப் பிடித்திருந்தது. சரியாக உட்கார வைக்க ஐந்து நிமிடம் ஆனது. நூறு வாட் பல்பு தேவைப்படவில்லை.

அவ்வளவு சிறிய கோணல் ஏன் இவ்வளவு பெரிய கேட்டைச் செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். நம் ஊரில் ஓடும் பல கார்களில் இருப்பது ஹெச் 4 வகை ஹாலஜன் பல்பு. 12 வோல்ட், 60/55 வாட். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: 60 வாட் இழை தொலைவுக்குப் பாயும் ஹைபீமுக்கு, 55 வாட் இழை எதிரே வண்டி வரும்போது தாழ்த்திப் போடும் லோபீமுக்கு. லோபீம் இழைக்கு அடியில் கரண்டி போன்ற ஒரு சிறு உலோகத் தகடு உண்டு. இழையின் வெளிச்சம், பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணமான ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கிப் போகாதபடி தடுப்பது அந்தத் தகடுதான். சுவரில் லோபீமைப் பார்த்தால், மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாகக் கத்தரித்தது போல ஒரு கோடு தெரிகிறதே, அந்தக் கோட்டைப் போடுவது அதுவே. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் கோடு வலப்பக்கம் மட்டமாகவும், இடப்பக்கம் சற்றே மேலேறியும் இருக்கும். எதிரே வருகிறவர் கண்ணுக்கு இருட்டு, ஓரத்தில் நடக்கிறவர் மேல் வெளிச்சம் என்ற இந்தப் பங்கீடு, இழை தன் இடத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் நின்றால்தான் நடக்கும். பல்பு கோணலாக உட்கார்ந்தால் கோடு கலைந்து, வெளிச்சம் புகைபோல மேலே பரவிவிடும்.

ஹாலஜனுக்காக வடிவமைத்த டூமுக்குள், அதாவது ரிஃப்ளெக்டரும் முன்மூடியும் சேர்ந்த ஹெட்லைட் கூட்டுக்குள், சந்தை எல்.இ.டி. பல்பைச் செருகுவதை நான் மறுப்பதற்கும் இதுவே காரணம். டூமும் அதற்குரிய பல்பு வகையும் சேர்த்தே சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றவை. மெல்லிய இழை நிற்க வேண்டிய இடத்தில் தட்டையான சில்லுகள் நின்றால் ரிஃப்ளெக்டரின் கணக்கு பொய்த்துப்போகும். ஓட்டுகிறவருக்குப் பம்பருக்கு முன்னால் பளீரென்று தெரிவதால் திருப்தி ஏற்படும், எதிரே பைக்கில் வருகிறவருக்கோ சாலையே மறைந்துவிடும். நீலப் பூச்சுப் பூசிய பல்புகளும் வேண்டாம். அந்தப் பூச்சே வெளிச்சத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது.

நூறு வாட் பல்பைப் பொறுத்தவரை, என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். செங்கோட்டைக்கு அடிக்கடி போய்வரும் ஒருவருக்கு, கூடுதல் கரண்டைச் சுவிட்சின் வழியே விடாமல் தானே தாங்கும் ரிலேயும் தடித்த வயரும் போடாமல், அவர் கேட்டபடியே 100/90 வாட் பல்புகளை மாட்டி அனுப்பிவிட்டேன். 55 வாட்டுக்குப் பதிலாக 90 வாட் எரியும்போது கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. வயரில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் அது ஏறத்தாழ 2.7 மடங்காகிவிடும். இரண்டே மாதத்தில் ஹோல்டர் உருகி, ஆலங்குளம் தாண்டி ஒரு மழை இரவில் இரண்டு விளக்கும் அவருக்கு அணைந்துபோயின. அவர் உயிரோடு திரும்பி வந்து என்னிடம் அதைச் சொன்னார் என்பதால்தான் அந்த நினைவை என்னால் தாங்க முடிகிறது. அதற்குப் பிறகு வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் வாட்டுக்கு மேல் யாருக்கும் நான் பல்பு மாட்டியதில்லை.

உண்மையிலேயே வெளிச்சம் மங்கியிருந்தாலும் காரணம் பல்பாக இருக்க வேண்டியதில்லை. நம் வெயிலில் வருடக்கணக்காக நிற்கிற வண்டியின் டூம் பிளாஸ்டிக் மஞ்சளித்துப் புகைமூட்டமாகிவிடுகிறது; அதைப் பகலில் வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாதது எர்த் கோளாறு, அதாவது கரண்ட் வண்டியின் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் வரும் கோளாறு. எஞ்சின் ஓடி, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது பேட்டரி முனைகளில் 14 வோல்ட்டும், பல்பின் பின்னால் செருகும் வயர் முனையான கப்ளரில் 12.5 வோல்ட்டும் காட்டினால், இடையில் துருப்பிடித்த எர்த் அல்லது கருகிய கப்ளர் இருக்கிறது என்று பொருள். ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்த நிலையில் எந்தப் பல்பை மாட்டினாலும் பணம்தான் வீண்.

இனி வீட்டில் மாற்றுவது பற்றி. தொழிற்சாலையிலிருந்தே எல்.இ.டி. விளக்கோடு வந்த வண்டிகளில் பெரும்பாலும் தனியே மாற்றும் பல்பு கிடையாது, ஹெச்.ஐ.டி. எனப்படும் செனான் வாயு விளக்குகளில் எரியத் தொடங்கும் கணத்தில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் பாயும். இவ்விரண்டையும் வீட்டில் தொடவே வேண்டாம். ஹாலஜன் என்றால், சாவியைக் கழற்றி, பல்பு ஆறக் கால் மணி நேரம் காத்திருந்து, பிறகு கை வையுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளரைப் பிடித்து லேசாக ஆட்டி உருவ வேண்டும். கப்ளரின் உள்ளே பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அதையும் மாற்றாமல் புதுப் பல்பைச் செருகாதீர்கள். அடுத்து ரப்பர் பூட், அதன் பின் கம்பிக் கிளிப். பழைய பல்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை எடுப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

புதுப் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள், ஆனால் அதை ஒரு சம்பிரதாயமாகவே நினைக்கிறார்கள். எரியும்போது அந்தக் குவார்ட்ஸ் கண்ணாடி பல நூறு டிகிரி சூடேறுகிறது. விரலின் எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட இடம் மட்டும் சமமில்லாமல் சூடாகி, அங்கேதான் பல்பு முதலில் பழுதாகும். உலோக அடிப்பாகத்தை மட்டும் பிடியுங்கள். தவறிப் பட்டுவிட்டால் மருந்துக்கடை ஸ்பிரிட்டைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். உள்ளே வாயு அழுத்தத்தோடு அடைபட்டிருப்பதால் கீழே விழுந்தால் தெறிக்கும். குழந்தைகளை அருகில் நிற்க விடாதீர்கள்.

ஹெச் 4 பல்பில் மூன்று காதுகள் உண்டு. அகலமான காது மேலே வர வேண்டும். மூன்றும் பள்ளத்தில் அமர்ந்ததும் கிளிப்பைப் போடுவதற்கு முன்பாக விரலால் அடித்தட்டைச் சுற்றித் தடவிப் பாருங்கள். எங்கும் தூக்கலாக இருக்கக் கூடாது. பல கார்களில் பேட்டரி அடைத்துக்கொண்டிருக்கிற பக்கத்தில் கண்ணால் பார்க்கவே முடியாது. அந்த ஆசிரியருக்கு நேர்ந்தது அங்கேதான். ஒரு சிறு கண்ணாடியையோ செல்போன் கேமராவையோ உள்ளே நீட்டிப் பார்த்த பிறகே கிளிப்பை மாட்டுங்கள். ரப்பர் பூட்டில் "டாப்" என்று அச்சிட்ட பக்கம் மேலே இருக்கும்படி, விளிம்பு முழுவதும் படிய அழுத்துங்கள். அதில் ஓர் ஓரம் விலகியிருந்தாலும் குற்றாலச் சாரலும் ஐப்பசி மழையும் உள்ளே ஈரம் சேர்த்து, ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சை உரித்துவிடும். பிறகு டூமையே மாற்ற வேண்டிவரும். ஒரு பக்கம் எரிந்துபோனால் மறுபக்கத்தையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

இத்தோடு வேலை முடிந்தது என்று பானெட்டை மூடிவிடுகிறார்கள். முடியவில்லை, சுவர் பாக்கி இருக்கிறது.

ஒரு சுவரும் அதன் முன்னால் மட்டமான தரையும் வேண்டும். அரிசி ஆலையின் சிமென்ட் களம் அருமையான இடம், காய வைத்த நெல் இல்லாத நாளில். மழைநீர் வடிய அதற்குச் சிறு சரிவு இருக்கும்; அது குற்றமில்லை. வண்டி நிற்கும் இடத்திலும் சுவரடியிலும் அதே சரிவு தொடர்ந்தால் அளவு பிசகாது. இடையில் சரிவு மாறினால்தான் பிசகும். கொத்தனார் நூலைச் சுவரடியிலிருந்து பின் சக்கரம் வரை, இரு முனையிலும் ஒரே உயரத்தில் இழுத்துக் கட்டி, நூலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி நெடுகிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

டயர்களில் சரியான காற்று இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார வேண்டும். ஆள் இல்லையென்றால் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை வைத்தால் 75 கிலோ ஆகிவிடும். டேஷ்போர்டில் விளக்கின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் லெவலர் திருகி இருந்தால் அது சைபரில் நிற்க வேண்டும். வண்டியைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, இரு டூம்களிலும் பல்பின் நடுப்புள்ளிக்கு நேரே சுவரில் குறியிட்டு, இரண்டையும் இணைத்துச் சுண்ணக்கட்டியால் படுக்கைக் கோடும், ஒவ்வொரு புள்ளி வழியாகச் செங்குத்துக் கோடும் போடுங்கள். பிறகு டூமுக்கும் சுவருக்கும் சரியாக 5 மீட்டர் இடைவெளி வரும்வரை நேராகப் பின்னால் வந்து, இருட்டியதும் லோபீமைப் போடுங்கள்.

வெளிச்சக் கோட்டின் இறக்கம் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் டூமின் மேலோ பானெட்டுக்கு அடியிலோ வேறு எண் அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். நூற்றுக்கு ஒன்று என்றால் 5 மீட்டர் தூரத்தில் வெளிச்சக் கோடு சுண்ணக் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே நிற்கும். கோடு மேலேறத் தொடங்கும் மடிப்பு, செங்குத்துக் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு டூமைச் சரிசெய்யும்போது மற்றதன் முன்னால் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்; துணியைப் போர்த்தினால் சூட்டில் பிளாஸ்டிக் கெட்டுவிடும். டூமின் பின்புறம் உயரத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று என இரண்டு ஸ்குருக்கள் இருக்கும். கால் சுற்று திருகிப் பாருங்கள், நின்று பாருங்கள், பிறகு அடுத்த கால் சுற்று.

அந்த 5 செ.மீ. அற்பமாகத் தோன்றலாம். டூம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தால், நூற்றுக்கு ஒன்று இறக்கத்தில் வெளிச்சம் 65 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடுகிறது. கோடு சுண்ணக் கோட்டுக்கு அதே 5 செ.மீ. மேலே போகும்படி திருகிவிட்டால், 50 மீட்டர் தொலைவில் அது 115 செ.மீ. உயரத்தில் போகும், எதிரே காரில் வருகிறவரின் கண் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். கண் கூசியவர் ஓரிரு நொடி பார்வையில்லாமல் ஓட்டினால் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆம் விதியும் இதைத்தான் அளவோடு கேட்கிறது: வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூச்சம் ஏற்படாதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்திக் கேட்டுப் பார்க்கலாம்.

சுமை ஏறினால் கணக்கு மாறும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் புறப்படுகிற குடும்பம், பின் இருக்கையில் நான்கு பேரும் டிக்கியில் பொங்கல் பானையும் அரிசியும் பாத்திரங்களுமாக ஏறியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு நிமிர்ந்துவிடும். நீங்கள் சுவரில் பார்த்துப் பார்த்து இறக்கிய கோடு அத்தோடு மேலே போய்விடும். லெவலரை 2-க்கோ 3-க்கோ திருப்புவது அதற்காகத்தான். இத்தனை வருடத்தில் அந்தத் திருகியைத் தொட்டதே இல்லை என்று சொன்னவர்கள்தான் என்னிடம் அதிகம். சுமை இறக்கியதும் மறக்காமல் சைபருக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் காலடி மட்டும் தெரியும், சாலை தெரியாது.

ஸ்குருவைத் திருகித் திருகியும் கோடு அசையவில்லை, அல்லது கோடே உருவாகாமல் வெளிச்சம் சிதறிக் கிடக்கிறது என்றால் மேலும் முயல வேண்டாம். டூமின் கால் உடைந்திருக்கலாம், ரிஃப்ளெக்டர் பூச்சு உரிந்திருக்கலாம். பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். சரியாக வந்துவிட்டதென்றால், ஆட்சேபிப்பார் இல்லாத சுவராக இருந்தால், அந்தக் குறிகளைப் பெயிண்டால் சிறு புள்ளிகளாக நிலைக்க வைத்து, தரையில் 5 மீட்டர் இடத்திலும் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த முறை டயர் மாற்றிய பிறகோ, பம்பரில் எதுவும் இடித்த பிறகோ, வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி விளக்கைப் போட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.